வாயில்லாச் சீவன்

ஆட்டையும் மாட்டையும் ‘வாயில்லாச் சீவன்’ என்று இரக்கத்தோடு குறிப்பிடுவது தமிழர் வழக்கு. பேசத் தெரியாதது என்பதே அங்குப் பொருள். மேய்வதற்கும் அசை போடுவதற்கும் அவற்றிற்கு வாய் உண்டு. சொல்லுக்குச் சொல் உண்மையாகவே வாயில்லாத விலங்கு ஒன்று கடலடியில் வாழ்கின்றது. வாய் மட்டுமன்று, அதற்கு வயிறு இல்லை, குடல் இல்லை, இதயம் இல்லை, குருதி இல்லை, நரம்பு இல்லை, தசையும் இல்லை. பிறந்த சில நாள்களுக்குள் ஏதேனும் ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு, பின்னர் ஆயுள் முழுவதும் அவ்விடத்திலேயே அது இருந்துவிடுகின்றது. அதன் பெயர் கடற்பஞ்சு. இத்தனை இல்லாமைகளை வைத்துக்கொண்டு, தானும் விலங்கினத்தைச் சேர்ந்ததே என்று அது மனிதரிடம் பட்டயம் பெறுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வழக்கு நடந்த விதம் உயிரியல் வரலாற்றில் சுவையான ஒரு பகுதி.

பெயரைப் பார்த்தாலே வழக்கின் கடுமை விளங்கும். பஞ்சு செடியில் விளைவது. தமிழ் விவிலியத்தில், சிலுவையில் தொங்கியவருக்குக் காடியில் தோய்த்து நீட்டப்பட்ட பொருளுக்குக் கடற்காளான் என்று பெயர். காளானும் மண்ணில் முளைப்பதே. மலாய்க்காரர் இதனைப் ‘புங்கா காராங்’ என்பர். பவளப்பாறைப் பூ என்பது பொருள். ஒருவர் பஞ்சு என்றார், ஒருவர் காளான் என்றார், ஒருவர் பூ என்றார். விலங்கு என்று எவரும் பெயரிட்டாரில்லை. அவர்களைக் குறை கூற வழியில்லை. நகராத, கத்தாத, கடிக்காத, வெட்டினாலும் குருதி சிந்தாத ஒன்றை விலங்கென்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியர், புல்லையும் மரத்தையும் முதற்படியில் வைத்தார். நத்தை, சிப்பி முதலியவற்றை இரண்டாம் படியில் வைத்தார். முதற்படிக்கு உரியது தொடுவுணர்வு. இரண்டாம் படிக்குச் சுவையுணர்வும் வேண்டும். கடற்பஞ்சை அவர் குறிக்கவில்லை. அவரது அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு யாரேனும் இதன் முன் நின்றிருந்தால், ஒன்றா இரண்டா என்று முடிவு கட்டுவதற்குள் திகைத்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் ஒருவர் அவ்வாறே திகைத்தார். அவர் அரிஸ்டாட்டில். கிரேக்கருக்குக் கடற்பஞ்சு அன்றாடப் பொருள். விருந்து முடிந்த மேசைகளைப் பணியாளர் அதனால் துடைத்த செய்தி ஹோமரின் காப்பியத்திலேயே வருகின்றது. போர்வீரர் தலைக்கவசத்தின் உட்புறத்தில் மெத்தென்றிருக்கும் பொருட்டு அதனை வைத்துக்கொண்டனர்; மிக மென்மையான அவ்வகைக்கு அக்கிலீசுப் பஞ்சு என்றே பெயர். மூச்சை அடக்கிக் கடலுள் மூழ்கி அதனை அறுத்து வருவது ஒரு தொழிலாகவே நடந்தது. அத்தொழிலாளர் சொன்ன ஒரு செய்தியை அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் எழுதிவைத்தார். பறிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் கடற்பஞ்சு தன்னைச் சுருக்கிப் பாறையை இறுகப் பற்றிக்கொள்ளுமாம். காற்றும் அலையும் மிகும்போதும் அவ்வாறே செய்யுமாம். அதனோடு நில்லாமல், தொரோனே என்னும் ஊரார் இதனை நம்பவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். பிய்த்தெடுத்த இடத்தில் எஞ்சியிருக்கும் துண்டிலிருந்து அது மீண்டும் வளரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஓரிடத்தில் அதற்கு உணர்ச்சி உண்டு போலும் என்கிறார். வேறோரிடத்தில் முற்றிலும் செடியின் இயல்புடையது என்கிறார். பேரறிஞர் ஒருவர் இவ்வாறு இரு பக்கமும் சாய்ந்து எழுதியது குறையன்று. தாம் நேரில் கண்டறியாததற்குத் தீர்ப்பு வழங்காமல் சாட்சியத்தை மட்டும் பதிவு செய்த நேர்மை அது. தொரோனே ஊராரின் ஐயம் தீர்ந்ததா என்பது பின்னர் வரும்.

அதன்பின் பல நூற்றாண்டுகள் இவ்வழக்கு கிடப்பில் கிடந்தது. உரோமர் குளிப்பதற்கும் துடைப்பதற்கும் கடற்பஞ்சைப் பயன்படுத்தினர். அதனை ஆராய்ந்து பார்க்கும் தேவை பயன்படுத்தியவருக்கு எழவில்லை. உயிர்கள் அனைத்திற்கும் பெயர் சூட்டி வரிசைப்படுத்திய சுவீடன் நாட்டு லின்னேயசு, 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட தாவர நூலில் கடற்பஞ்சைப் பாசிகளோடு சேர்த்தார். 1765இல் லண்டன் வணிகரான ஜான் எல்லிஸ் என்பவர், உயிருள்ள கடற்பஞ்சின் துளைகள் விரிந்து சுருங்குவதையும் அவற்றின் வழியே நீர் இயங்குவதையும் கண்டு அரச கழகத்திற்கு எழுதினார். எல்லிசோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த லின்னேயசு, தம் நூலின் அடுத்த பதிப்பில் கடற்பஞ்சைத் தாவரப் பட்டியலிலிருந்து எடுத்து, விலங்குத் தாவரங்கள் என்னும் இடைப்பட்ட பிரிவில் வைத்தார். விலங்கு என்பதா, தாவரம் என்பதா என்று கேட்டால் இரண்டுமே என்று விடையிறுக்கும் பெயர் அது. எல்லிஸ் கண்டதும் பாதி உண்மையே. ஒரே துளை நீரை உறிஞ்சி, அதே துளை வெளியே உமிழ்கின்றது என்று அவர் எண்ணினார்.

மீதிப் பாதியைக் கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு ராபர்ட் எட்மண்ட் கிராண்ட். 1793இல் பிறந்த இவர் மருத்துவம் பயின்றவர். ஆயினும் நோயாளிகளைக் காட்டிலும் கடற்கரைக் குட்டைகளே இவரை இழுத்தன. எடின்பரோ நகருக்கு அண்மையிலுள்ள போர்த் கழிமுகக் கரையில், அலை வடிந்த நேரங்களில் பாறை இடுக்குகளைத் துழாவிக் கடற்பஞ்சுகளைச் சேகரித்தார். 1825இல் ஒருநாள், உயிருள்ள கடற்பஞ்சுத் துண்டு ஒன்றைக் கடல்நீர் நிரம்பிய சிறு கண்ணாடிக் கிண்ணத்திலிட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நீரில் மிதந்த துகள்கள் ஓரிடத்திலிருந்து விலகி ஓடுவதைக் கண்டார். கிண்ணத்தை நகர்த்தித் தேடியபோது, கடற்பஞ்சின் உடலிலிருந்த வட்டமான ஒரு துளையிலிருந்து நீர் ஊற்றெனப் பீறிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. துளை சுருங்கவில்லை, விரியவில்லை. நீர் மட்டும் இடைவிடாது வந்துகொண்டேயிருந்தது. மணிக்கணக்கில் பார்த்தும் அத்துளை ஒருமுறையேனும் நீரை உள்ளே இழுக்கக் காணோம்.

அப்படியானால் நீர் உள்ளே செல்வது எவ்வழி? உடலின் மேற்பரப்பு முழுவதும் நிறைந்திருந்த, ஊசிமுனையினும் நுண்ணிய எண்ணற்ற துளைகளின் வழியே அது நுழைவதைக் கிராண்ட் கண்டறிந்தார். பலவாகிய சிறு துளைகள் நீர் புகும் வாயில்கள். சிலவாகிய பெருந்துளைகள் நீர் நீங்கும் வாயில்கள். இரண்டு முழுக் கடற்பஞ்சுகளைப் பெருந்துளைகள் எதிரெதிரே இருக்குமாறு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தபோது, ஒன்று வெளியேற்றிய கழிவு மற்றொன்றின் மேல் வந்து படிந்ததாம். சண்டையிடத் தெரியாத இரு உயிர்களைப் பீரங்கிப் போருக்கு நிறுத்திய காட்சி அது. சேறும் குளிரும் மிக்க கரையில் ஆண்டுகள் சிலவற்றைக் கழித்து, ஒரு கிண்ணமும் ஒரு நுண்ணோக்கியும் கொண்டு, அரிஸ்டாட்டில் காலத்து ஐயத்திற்கு அவர் விடை கண்டார். பெரிய ஆய்வுக்கூடமோ மானியமோ அவருக்கு இருந்ததில்லை என்பதை மாணாக்கருக்குச் சொல்லிக் காட்டலாம்.

தொரோனே ஊராரின் ஐயத்தையும் அவர் சோதிக்கத் தவறவில்லை. குத்திப் பார்த்தார், சூடு வைத்துப் பார்த்தார், அமிலத்தில் அமிழ்த்தியும் பார்த்தார். கடற்பஞ்சு சற்றும் அசையவில்லை. சுருங்கும் என்ற மூழ்குநர் கூற்று தவறு என்றே அவர் முடிவு செய்தார். எனினும் அதன் உடலிலிருந்து வெளிப்பட்ட நுண்ணிய இளவுயிர்கள், மெல்லிய மயிரிழைகளை அசைத்துத் தாமே நீந்திச் செல்வதை அவர் கண்டிருந்தார். பெற்றோர் அசையாவிட்டாலும் பிள்ளைகள் நீந்தின. விலங்கு என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. 1836இல் இவ்வுயிர்களுக்குப் பொரிபெரா என்று அவர் பெயர் சூட்டினார். துளை தாங்கியவை என்பது அதன் பொருள். தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் ‘துளையுடலிகள்’ என்னும் சொல் அப்பெயரின் நல்ல வழித்தோன்றல்.

கிராண்டோடு அந்நாளில் கடற்கரைக்கு நடந்து சென்ற மாணாக்கருள், மருத்துவம் படிக்க வந்து அதில் மனம் ஒட்டாமற் போன இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் சார்லஸ் டார்வின். கடலுயிர்களை உற்று நோக்கும் பழக்கம் அவருக்கு வாய்த்ததில் கிராண்டின் பங்கு பெரிது. 1827இல் லண்டனில் புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டு உடற்கூற்றியல் பேராசிரியரான கிராண்ட், 1874இல் இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். மாணவர் கட்டணமே வருவாய் என்ற நிலையில், வறுமையிலேயே காலம் தள்ளினார். உலகம் மாணாக்கரின் பெயரை அறிந்த அளவுக்கு ஆசிரியரின் பெயரை அறியவில்லை. 1828இல் பிளெமிங் என்னும் அறிஞர் ஒரு கடற்பஞ்சு இனத்திற்குக் ‘கிராண்டியா’ என்று பெயரிட்டார். இன்றளவும் அவருக்கு நிலைத்திருக்கும் நினைவுச் சின்னங்களுள் அது ஒன்று.

நீரை உள்ளிழுப்பது எது என்ற வினா அப்பொழுதும் எஞ்சி நின்றது. இளவுயிர்களிடம் கண்ட மயிரிழைகள் போன்றவை உள்ளேயும் இருத்தல் வேண்டும் என்று கிராண்ட் ஊகித்தார். தேடியும் அவை அவருக்குத் தென்படவில்லை. இவ்விடத்தில் வரலாறு இந்திய மண்ணுக்குத் திரும்புகின்றது. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராயிருந்த ஹென்றி ஜான் கார்ட்டர், அந்நகரின் குளங்களில் வளர்ந்த நன்னீர்ப் பஞ்சுகளை ஆராய்ந்து 1848இல் எழுதத் தொடங்கினார். கடற்பஞ்சின் உறவினர் சிலர் ஆறு குளங்களிலும் வாழ்வதுண்டு. கோடையில் குளம் வற்றினால் சிறு விதை போன்ற உருண்டைகளாக ஒடுங்கிக் கிடந்து, மழை வந்ததும் மீண்டும் தழைப்பவை அவை. கார்ட்டர் நீரில் வண்ணத் துகள்களைக் கலந்து, அவை உடலுக்குள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்தார். உட்புறத்திலிருந்த நுண்ணிய பைகளின் உயிரணுக்கள் அத்துகள்களை விழுங்குவது 1857இல் வெளியான அவர் ஆய்வால் தெரியவந்தது. 1866இல் அமெரிக்கரான ஜேம்ஸ் கிளார்க், அவ்வுயிரணுக்களுக்கும் தனித்து வாழும் ஓரணு உயிர் ஒன்றிற்கும் உள்ள வியத்தகு ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். இரண்டிலும் ஒரு கசையிழை. அதன் அடியைச் சுற்றிச் சட்டைக் கழுத்துப்பட்டி போன்ற வேலி. விலங்குகளின் மூதாதையர் யார் என்று தேடுவோர் இன்றும் அவ்வொற்றுமையிலிருந்தே தொடங்குகின்றனர்.

இவர்களெல்லாம் கண்டறிந்ததை ஒன்று சேர்த்தால் கடற்பஞ்சின் உடல் இவ்வாறு விளங்கும். வெளியே தட்டையான உயிரணுக்களாலான தோல். உள்ளே கழுத்துப்பட்டி உயிரணுக்கள் வரிசையாகப் பதிந்த எண்ணற்ற அறைகள். இரண்டிற்கும் இடையே கூழ் போன்ற ஒரு படலம். அக்கூழுக்குள் அலைந்து திரியும் உயிரணுக்கள் பந்தியில் பரிமாறுவோரைப் போன்றவை. கழுத்துப்பட்டி உயிரணு பிடித்த உணவை வாங்கி, பிடிக்க இயலாத மற்றவற்றுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவை அவையே. தேவை ஏற்பட்டால் வேறு வகை உயிரணுக்களாக மாறிக்கொள்ளவும் அவற்றால் முடியும். உடலைத் தாங்க எலும்பு இல்லை. அதற்கு ஈடாகக் கூழில் நுண்முட்கள் விளைகின்றன. சில இனங்களில் அவை சுண்ணாம்பாலானவை. சிலவற்றில் கண்ணாடியின் மூலப்பொருளாகிய சிலிக்காவாலானவை. முட்களோடு ஸ்பாஞ்சின் என்னும் நாரையும் சேர்த்து வைத்திருக்கும் இனங்கள் பல. முள்ளே இல்லாமல் நார் மட்டும் உடைய சில இனங்களே குளியலறைக்கு வந்தவை. சதை அழுகி உதிர்ந்தபின் எஞ்சும் நார்க்கூட்டையே மக்கள் கையில் பிடித்துத் தேய்த்துக்கொண்டனர். இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது ஆலையில் செய்த செயற்கைப் பொருள். கடலுக்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு.

இவ்வமைப்பின் நுட்பம் நீரோட்டத்தில் இருக்கின்றது. 10 சென்டிமீட்டர் உயரமும் 1 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள ஒரு சிறு சுண்ணாம்புப் பஞ்சை எடுத்துக்கொண்டு ஆய்வாளர் கணக்கிட்டிருக்கின்றனர். விரலளவே ஆன அவ்வுடலுக்குள் நீர் நுழையும் கால்வாய்கள் ஏறத்தாழ 81,000. கசையிழை அறைகள் ஏறத்தாழ 22,50,000. ஒரு நாளில் அது வடிகட்டும் நீர் 22.5 லிட்டர். கால்வாயில் நீர் வினாடிக்கு 0.1 சென்டிமீட்டர் வேகத்தில் செல்கின்றது. அறைக்குள் நுழைந்ததும் 0.001 சென்டிமீட்டராகக் குறைந்து ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. வெளியேறும் பெருந்துளையிலோ 8.5 சென்டிமீட்டராகப் பாய்கின்றது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஏரியில் அசைவற்றுக் கிடக்கும் நீர், மதகைத் திறந்தவுடன் ஆளைத் தள்ளும் வேகத்தில் பாய்வதை உழவர் அனைவரும் அறிவர். பரப்பு விரிந்தால் வேகம் குறையும், பரப்பு குறுகினால் வேகம் மிகும். அறைகள் ஒவ்வொன்றும் சிறியவையாயினும் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் அது பெரிய ஏரி. அங்கே நீர் தயங்கி நிற்பதால், கழுத்துப்பட்டி உயிரணுக்கள் ஆற அமர அதிலுள்ள நுண்கிருமிகளைப் பொறுக்கி உண்ண முடிகின்றது. பெருந்துளையாகிய மதகு குறுகியிருப்பதால், உண்டு எஞ்சிய கழிவுநீர் விசையோடு எறியப்பட்டு, மீண்டும் உள்ளே வராத தொலைவுக்குச் சென்றுவிடுகின்றது. நகரங்களின் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கலந்துவிடாமல் காப்பதற்குப் பொறியாளர் படும் பாட்டை எண்ணிப் பார்ப்போர், மூளையற்ற இவ்வுயிரின் ஏற்பாட்டைக் கண்டு வியவாதிரார்.

1907இல் வேறொரு வியப்பு வெளிவந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த பேராசிரியர் எச். வி. வில்சன், உயிருள்ள செந்நிறக் கடற்பஞ்சு ஒன்றைத் துண்டாக்கி, மாவு சலிக்கும் மெல்லிய பட்டுத்துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தார். துணியின் மறுபக்கத்தில் வந்தவை தனித்தனி உயிரணுக்களும் சிறுசிறு கொத்துகளுமே. நீர் செந்நிறமாய்க் கலங்கியது. மற்ற விலங்குகளில் பெரும்பாலானவற்றை இவ்வாறு சலித்தால் கிடைப்பது பிணக்கூழ்தான். ஆனால் அவ்வுயிரணுக்கள் பாத்திரத்தின் அடியில் மெல்ல ஊர்ந்தன; ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டன; உருண்டைகளாயின. நாள்கள் சென்றபின் அவ்வுருண்டைகளில் கால்வாயும் அறையும் துளையும் தோன்றி, நீரோட்டம் மீண்டும் தொடங்கிற்று. இரு வேறு இனங்களின் உயிரணுக்களைக் கலந்துவிட்டால், அவை பெரும்பாலும் தத்தம் இனத்தை அறிந்து பிரிந்து கூடுவதையும் பின்னர் வந்த ஆய்வாளர் விளக்கினர். கண்ணும் செவியும் இல்லாத ஓர் அணு தன் உறவை எவ்வாறு அறிகின்றது என்ற வினா இங்கிருந்து கிளைத்தது. ஒரு கடற்பஞ்சு என்பது ஓர் உயிரா, உயிர்களின் ஊரா என்ற வினாவும் உடன் எழுந்தது. பின்னதற்கு முடிவான விடை சொல்லத் துணிவோர் இன்றும் குறைவு.

தொரோனே ஊராரிடம் இப்பொழுது திரும்பலாம். தசையும் நரம்பும் இல்லாத உயிர் சுருங்காது என்று கிராண்ட் சொன்னதை நெடுங்காலம் பலர் ஏற்றனர். 21ஆம் நூற்றாண்டில், விட்டுவிட்டுப் பல மணி நேரம் எடுத்த நிழற்படங்களை விரைவாக ஓட்டிப் பார்த்தபோது, கடற்பஞ்சு தன் உடலைச் சுருக்கி மீண்டும் விரிப்பது தெளிவாகத் தெரிந்தது. மனிதக் கண் பொறுத்துப் பார்க்க இயலாத அளவுக்கு அது மெல்ல நடப்பதொன்றே அதுவரை மறைந்திருந்ததற்குக் காரணம். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, கரிபியன் கடலின் குழல்வடிவப் பஞ்சு ஒன்று, தன் நுண்துளைகளை அடைக்கும் அழுக்கைச் சளியில் சேர்த்து நீரோட்டத்திற்கு எதிராக வெளியே தள்ளி, அவ்வப்போது உடலைச் சுருக்கி உதறுவதைக் காட்டியது. ஆய்வாளர் அதனைத் தும்மல் என்றனர். மூக்கில்லாத உயிரின் தும்மல்! பழைய மூழ்குநர் கூற்றில் மிகை இருந்திருக்கலாம், பொய் இல்லை. தினமும் கடலில் இறங்கியவரின் சொல்லைப் படித்தவர்கள் எளிதில் தள்ளிவிட்டனர்.

மருத்துவத்துறைக்கு இவ்வுயிர் அளித்ததும் சிறிதன்று. ஓடவும் ஒளியவும் முடியாத கடற்பஞ்சு, தன்னைத் தின்ன வருவோரையும் தன்மேல் படர வருவோரையும் வேதிப்பொருள்களால் தடுக்கின்றது. 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன், புளோரிடாவை அடுத்த கடலின் பஞ்சொன்றில் கண்ட புதுமையான பொருள்களே, குருதிப் புற்றுநோய்க்குத் தரப்படும் சைட்டராபின் என்னும் மருந்து உருவாக வழிகாட்டின. ஜப்பானியப் பஞ்சொன்றிலிருந்து 1986இல் பிரித்தறியப்பட்ட பொருளின் வழியில், மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலின் 2010இல் ஏற்பளிப்புப் பெற்றது.

தமிழர் வாழும் கரைகளைப் பொறுத்தவரை, மன்னார் வளைகுடாக் கடற்பஞ்சுகளைப் பற்றி முன் கூறிய கார்ட்டரே 1880இல் எழுதினார். முத்துச் சிப்பி வளத்தை ஆராய 1902இல் இலங்கைக்கு வந்த ஹெர்ட்மன் திரட்டியவற்றை ஆர்தர் டென்டி ஆராய்ந்து 1905இல் விரிவான அறிக்கை தந்தார். சிப்பியின் ஓட்டைத் துளைத்துக் குடியேறும் பஞ்சினமும் உண்டாதலின், முத்துக்குளிப்புக்கும் இவ்வாராய்ச்சிக்கும் நேரான தொடர்பு இருந்தது. பின்னாளில் மண்டபத்தில் அமைந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினரும் இப்பணியைத் தொடர்ந்தனர்.

ஆயினும் இத்தீவுகளில் வாழ்வோர்க்கு மிக நெருங்கிய கதை சிங்கப்பூர்க் கடலில் நிகழ்ந்தது. 1819இல் ஆங்கிலேயர் அங்கு வணிகத் தலத்தை நிறுவிய சில ஆண்டுகளிலேயே, கரையோரக் கடலில் விளைந்த விந்தையான பொருளொன்று அவர்களின் கண்ணைக் கவர்ந்தது. தண்டு வைத்த பெரிய கிண்ணம் போன்ற வடிவம். குயவர் சக்கரத்தில் வனைந்தது போன்ற ஒழுங்கு. முழு வளர்ச்சி பெற்றால் ஒரு மீட்டருக்கும் மிகுந்த உயரம். கடல் தெய்வத்தின் பெயரால் ‘நெப்டியூன் கிண்ணம்’ என்று அதனை அழைத்தனர். வங்காளப் பீரங்கிப் படையின் தளபதியும் இயற்கை ஆய்வாளருமான தாமஸ் ஹார்ட்விக், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஆசியக் கழக இதழில் 1822ஆம் ஆண்டு அதனைப் படத்தோடு விவரித்தார். சிங்கப்பூர்த் தீவின் கரைகளில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு விலங்குத் தாவரம் என்பது அக்கட்டுரையின் தலைப்பு. கிராண்டின் கிண்ணத்தில் நீரூற்று தெரிவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. ஆதலின் அவரும் இரண்டும் கெட்டான் பெயரையே இட்டார்.

அத்தலைப்பில் உள்ள ‘சாதாரணமாக’ என்னும் சொல்லே பின்னர்த் துயரமாயிற்று. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணமேனும் வேண்டுமென்று விரும்பின. செல்வர் வீட்டு வரவேற்பறைகளும் விரும்பின. பெரிய கிண்ணங்களைக் குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டியாகக் கரையோர மக்கள் பயன்படுத்தியதாகவும் குறிப்புகள் உள்ளன. 1870இல் டச்சு அறிஞர் ஹார்ட்டிங் இதனைப் பற்றித் தனி நூலே எழுதினார். நூல்கள் பெருகப் பெருகக் கடலில் கிண்ணங்கள் அருகின. 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய சில ஆண்டுகளுக்குப் பிறகு, அதனை உயிரோடு கண்டவர் எவருமிலர். அற்றுப்போன இனம் என்றே பலரும் கருதலாயினர். லண்டனிலும் ஹாலந்திலும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சிங்கப்பூர்க் கிண்ணங்கள் காய்ந்து நிற்க, சிங்கப்பூரில் ஒன்றும் இல்லை. இதற்கிடையே அத்தீவின் கரைகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. பவளப்பாறைகளில் பெரும்பகுதி நிலத்தடியில் மறைந்தது. கப்பல்களின் நடமாட்டத்தால் கடல்நீர் கலங்கலாயிற்று. நுண்துளைகளின் வழியே மூச்சும் உணவும் பெறும் உயிருக்குக் கலங்கல் நீர் எத்தகைய கேடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், செயின்ட் ஜான்ஸ் தீவை அடுத்த கடலில் வழக்கமான ஓர் ஆய்வுக்காக மூழ்கிய கடலுயிரியலார், மங்கிய நீருக்குள் ஒரு சிறு கிண்ணத்தைக் கண்டனர். பிறகு இன்னொன்றும் கிடைத்தது. முட்களை எடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, ஹார்ட்விக் விவரித்த அதே இனம் இது என்று 2012இல் உறுதி செய்தனர். நூறாண்டுக்கு மேல் எங்கிருந்தது என்று கேட்டால், அதன் இளமைப் பருவம் ஓரளவு விடை தருகின்றது. நெப்டியூன் கிண்ணம் பிறக்கும்போதே கிண்ணமாய்ப் பிறப்பதில்லை. மன்னார்ச் சிப்பிகளைத் துளைக்கும் பஞ்சினத்தின் நெருங்கிய உறவு இது. இளவுயிர் சுண்ணாம்புக் கல்லையோ சிப்பி ஓட்டையோ துளைத்து, உள்ளேயே மறைந்து வாழ்ந்து, வளர்ந்தபின்னரே வெளியே வந்து கிண்ணமாக நிமிர்கின்றது. ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் பருவத்தில் அருங்காட்சியகத்தார் கண்ணுக்கும் அது எட்டுவதில்லை.

கண்டெடுத்தவர்கள் இம்முறை அதனைக் கரைக்குக் கொண்டுவரவில்லை. கடற்பஞ்சின் இனப்பெருக்கத்திற்கும் நீரே தூது. ஒன்று தன் பெருந்துளை வழியே விந்தணுக்களைப் புகை போல் வெளிவிட, நீரோட்டத்தோடு அவற்றை உள்ளிழுக்கும் மற்றொன்றின் கழுத்துப்பட்டி உயிரணுக்கள், அவற்றை உணவென்று செரித்துவிடாமல் பிடித்து முட்டையிடம் சேர்க்கின்றன. இரண்டு கிண்ணங்களும் தொலைவிலேயே இருந்தால் அத்தூது போய்ச் சேராது. ஆதலின், 2014இல் சிங்கப்பூரின் முதல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகளின் பகுதியில், அவற்றை இடம் பெயர்த்து அருகருகே வைத்தனர். அதன்பின் வேறு சில கிண்ணங்களும் அக்கடலில் தென்பட்டன.